ஷாலினிக்கும் அதே இடத்தில், அண்ணி

என் பிரியமான அண்ணிக்கு,

நீங்கள் போன இந்த மூன்று வருஷத்தில் மனசுக்குள் உங்களோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது, அதனால்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை காலை. அண்ணன் பால் வாங்கப் போயிருந்தார். நான் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் ஷாலினி சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். என் கையை எடுத்துத் தன் இடது மார்பின் ஓரத்தில் வைத்தாள். வேர்க்கடலை அளவு ஒரு கட்டி இருந்தது. கடுகு கருகிய வாசனை வந்தும் அடுப்பை அணைக்க எனக்குத் தோன்றவில்லை.

"அம்மாக்கு இருந்த எடம்தானே அத்தை இது?" என்றாள். "அப்பா கிட்ட மட்டும் சொல்லாதீங்க. தாங்க மாட்டாரு."

அவளுக்கு இருபத்தாறு வயதுதான் அண்ணி.

அண்ணனிடம் சொல்ல எனக்கும் துணிச்சல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களை மாதா கோயில் வாசல் வரை கொண்டுவந்து விடுவார், உள்ளே வரமாட்டார். நீங்கள் இருந்த ஆஸ்பத்திரி ரோட்டில்கூட அவர் வண்டி போகாது, சுற்றிக்கொண்டுதான் போவார். உங்கள் கடைசி நாளில் அவர் வராந்தாவிலேயே நின்றுவிட்டார். உங்கள் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காக அவரை நான் மன்னிக்கவே இல்லை. நீங்கள் மன்னித்துவிட்டீர்களா?

வேறொரு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வேன்? ஜெபமாலையை எடுத்தால் பாதி மந்திரத்தில் நின்றுவிடுவேன். உங்களுக்காக அழுது ஜெபித்த அதே வார்த்தைகள். அப்போது கேட்காதவர் இப்போது கேட்பாரா என்று நினைப்பு வந்துவிடும். நினைத்ததற்காக மறுபடி பயம் வரும்.

அதனால் நூல் பின்னும் குரோஷா ஊசியை எடுத்தேன். உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில், பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்தாரே, அதுதான். மாதா சுரூபத்துக்குக் கீழே போட ஒரு விரிப்பு ஆரம்பித்தேன். ஒரு கண்ணிக்கு ஒரு தடவை 'ஆண்டவரே, எங்க பிள்ளை' என்பேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. ஆனால் கை ஓடும்போது மூச்சு கொஞ்சம் சீரானது.

பிறகு ஒரு கிறுக்கு பிடித்தது. இந்த வரிசை பிசகாமல் முடிந்தால் ரிப்போர்ட் நல்லதாக வரும் என்று எனக்குள்ளேயே பேசிக்கொண்டேன். எட்டாவது வரிசையில் இரண்டு கண்ணி குறைந்திருந்தது. ஊசியைக் கீழே போட்டுவிட்டேன். ஷாலினி பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஆண்டவர் உங்க கண்ணியையா எண்ணிக்கிட்டு இருக்காரு அத்தை? தப்பாப் போனா பிரிச்சிட்டுப் போடுங்க" என்றாள். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான். அன்றைக்கு அவள் சொன்னாள்.

ரிப்போர்ட்டில் அதுதான் என்று வந்தது அண்ணி.

டாக்டரம்மா கன்னடத்தில் நிதானமாகச் சொன்னார். சின்னதாக இருக்கிறதாம், சீக்கிரம் வந்தது நல்லதாம், ஆபரேஷன் செய்துவிட்டு மருந்து கொடுக்க வேண்டுமாம். ஷாலினி கேள்வி கேட்டுக் கேட்டு போனில் குறித்துக்கொண்டாள். எனக்குக் காதில் பாதி ஏறவில்லை. உங்களுக்குச் சொன்ன அன்றும் நான்தான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அன்று நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உள்ளே பயந்தீர்களா? ஏன் சொல்லவில்லை?

அன்று சாயங்காலம் அண்ணனிடம் நானே சொன்னேன். அவர் டிவியை நிறுத்தினார். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டார். இரண்டு வாரம் என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்ட மறைக்கிற அளவுக்கு நான் ஆயிட்டேனா ரெஜி?" என்றார். "அவ சாவும்போது உள்ள போனா அது நெஜமாயிடும்னு நின்னுட்டேன். அவ என்னைத் தேடினாளா?"

நீங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதார்.

முந்தாநாள் ஆபரேஷன் முடிந்தது. தியேட்டர் வாசல் வரைக்கும் அண்ணன் ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கிறார். சட்னி காரம் என்று திட்டு வாங்குகிறார். பரவியிருக்கிறதா என்று பார்க்க அக்குளில் எடுத்த சதையின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. யாராவது செவிலியர் வேகமாக நடந்து வந்தால்கூட நான் எழுந்து நின்றுவிடுகிறேன்.

பயப்படாமல் இருப்பேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை அண்ணி. பயந்துகொண்டேதான் அவளைப் பார்த்துக்கொள்வேன். ஆனால் ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொள்வேன்.

உங்கள் பிள்ளைக்கு அத்தையும்
உங்களுக்கு நாத்தனாருமான,
ரெஜினா
லிங்கராஜபுரம்