ஐந்தாம் பிரதேசத்தில் ஓடாத படம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியப்புறம் நல்ல மழை. கொடியில் கிடந்த சேலை இரண்டும் திரும்ப நனைந்தன. பள்ளிக்கூடத்துக்குப் பழைய பச்சை.

சுமதி தன் படத்தைப் பார்க்கச் சொல்லி எல்லோருக்கும் அனுப்பிய இணைப்பைத் தேத்தண்ணீர் ஆறும் வரைக்கும் திறந்து திறந்து பார்த்தேன். கறுப்புத் திரை. நடுவில் இரண்டு வரி ஆங்கிலம். இந்தப் படத்தை உங்கள் நாட்டில் பார்க்க முடியாது.

கதை நடப்பது இங்கே, உரும்பிராயில். எடுத்தது தமிழ்நாட்டில் இரண்டு கிழமையும் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையிலும். ஓடுவது கனடாவிலும் அமெரிக்காவிலும். பார்க்க முடியாமல் இருப்பது உரும்பிராய்.

வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டும் செயலி ஒன்றை இறக்கினேன். நான் கனடாவில் இருப்பதாக நம்பிவிட்டது. பிறகு கனடா வங்கி அட்டை கேட்டது. ஒன்றரை நிமிடம் கனடாவில் இருந்தேன்.

ஆறரைக்குக் கனடாவிலிருந்து சுமதி போன் எடுத்தாள். கம்பஸில் மூன்று வருடம் ஒரே அறை. இப்போது அவள் படம் எடுத்தவள், நான் புத்தூரில் புவியியல் படிப்பிக்கிறவள்.

"என்னடி, பார்த்தனியோ?"

உங்கள் நாட்டில் கிடைக்காதாம் என்று சொல்லியிருக்கலாம். "ஓம், பார்த்தனான்" என்று வந்துவிட்டது வாயில்.

"கடைசி இடம்?"

"'அவர் இனி வரமாட்டார், எனக்குத் தெரியும்' எண்டு சொல்லேக்கை எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சு."

அதுதான் படத்தின் கடைசி வசனம். வெளிநாடு போன புருஷனிடமிருந்து பன்னிரண்டு வருடமாகச் செய்தி இல்லாதவள் சொல்வது. சு. திரைக்கதையில் 'இவர்' என்று எழுதியிருந்தாள். வீட்டில் இருக்கிறவர்தான் இவர், போய்விட்டவர் அவர் என்று திருத்தியது நான். அந்தப் படத்தில் என்னுடையது என்று சொல்ல எனக்கு இருப்பது அந்த ஓர் எழுத்து.

அவள் பேச்சை மாற்றினாள்.

"ம்... சரி. ஞாயிறு சூமிலை ஒரு கலந்துரையாடல். யாழ்ப்பாணத்திலை இருந்து பார்த்த ஆள் எண்டு உன்னைப் போட்டிருக்கிறன். ஆரணியும் வாறா."

ஆரணி கதாநாயகி. கனடாவில் பிறந்த பிள்ளை. போன வருடம் நான்கு மாதம், பள்ளிக்கூடம் விட்டு வந்து குசினிக்குள் அடுப்படியில் நின்றபடி அவளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தேன். வர்றேன் இல்லை, வாறன். பேசு இல்லை, கதை. ஒவ்வொன்றும் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக. அவள் கேட்டுக் கேட்டுப் பழகினாள். இப்போது எல்லோரும் அவளுடைய தமிழைப் புகழ்கிறார்கள்.

ஞாயிறுக்குள் பார்த்தே ஆகவேண்டும்.

ஒக்டோபர் 8, புதன்

வெயில். புழுக்கம். பத்தாம் வகுப்பு வரைபடம் திருத்தி முடியவில்லை.

மதி ரீச்சர் ரொறன்ரோவில் மகளிடம் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறா. ஆசிரியர் அறை முழுக்க அவவின் குரல். படத்தைத் தியேட்டரில் பார்த்தாவாம்.

"சனமெண்டால் சனம், ரீச்சர். கடைசியிலை அந்தப் பிள்ளை ஒண்டு சொல்லும் பாருங்கோ, ஒருத்தரும் எழும்பேல்லை. அதை நான் சொல்லமாட்டன். நீங்களே பாருங்கோ."

"என்ன, சொல்லுங்கோவன்."

"ம்ஹும். சொன்னால் ருசி போயிடும்."

நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே சொல்லமாட்டாவாம். பிறகு கைப்பையிலிருந்து படத்தின் டிவிடி இறுவட்டு எடுத்துத் தந்தா. கடையில் வாங்கிய ஒறிஜினல். உறை பிரிக்காதது. "உங்களுக்கெண்டுதான். உங்கடை பேரும் கடைசியிலை ஓடுது. கெதியாய் ஓடும், கண்ணை வைச்சுக்கொண்டு இருங்கோ."

நன்றி சொன்னேன். மனதுக்குள் அவவின் விமானச் சீட்டில் இருந்து தியேட்டர் கதிரை வரைக்கும் எல்லாவற்றிலும் எரிச்சல்.

வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவாமல் போட்டேன். பிளேயர் சுற்றியது, முனகியது, நின்றது. பிரதேசம் பிழை என்று எழுத்து. தட்டை வெளியே தள்ளிவிட்டது.

உறையின் பின்பக்கம் பூகோளம் போல ஒரு சின்னப் படம். நடுவில் 1. இணையத்தில் தேடினேன். உலகத்தை ஆறு துண்டாக்கியிருக்கிறார்கள். கனடாவும் அமெரிக்காவும் ஒன்று. இங்கிலாந்தும் ஜப்பானும் சேர்ந்து இரண்டு. இந்தியா, ரஷ்யா, மொங்கோலியா, ஆபிரிக்காவின் பெரும்பகுதி, நாங்கள், எல்லாம் ஐந்து. இருபது வருடமாகப் பிரதேசங்கள் படிப்பிக்கிறேன். மழையால் பிரித்திருக்கிறேன், மண்ணால் பிரித்திருக்கிறேன். உரும்பிராயையும் மொங்கோலியாவையும் ஒன்றாய்ப் போடுகிற கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. 

சு.விடம் கேட்கலாமா? ஓகஸ்டில் ஒருமுறை கேட்டதுதான். "வித்துப்போட்டன், அது இனி என்ரை கையிலை இல்லை. இலங்கைக்கு ஆரும் உரிமை வாங்கேல்லை, அங்கை ஆர் வாங்குறது?" என்றாள். அங்கை என்றாள். எங்கடை என்று சொல்கிற இடத்தில் அங்கை.

இனிக் கேட்கவும் முடியாது. பார்த்துவிட்டேனே.

ஒக்டோபர் 9, வியாழன்

பள்ளிக்கூடம் விட்டு நேரே யாழ்ப்பாண ரவுண். வாங்கியவை: முகப் பவுடர், சிவப்புப் பேனை மூன்று, குடைக்கு ஒரு கம்பி மாற்றியது. வாங்கவந்தது, இந்த இறுவட்டு ஓடுகிற பிளேயர், கிடைக்கவில்லை.

ரிவி திருத்துகிற கடைக்காரர் இறுவட்டைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பிளேயரிலை பழுதில்லை, ரீச்சர். உது கனடாக்காரருக்கு அடிச்சது. கள்ளக் கொப்பியெண்டால் எந்த நாட்டிலையும் ஓடும். ஒறிஜினல் வாங்கினால்தான் இந்தக் கரைச்சல்."

"அப்ப கொப்பி இருக்கோ?" கேட்டபிறகுதான் வெட்கமாக இருந்தது.

"உந்தப் படத்துக்கு ஆர் கொப்பி அடிக்கிறது? ஓடுற படத்துக்குத்தானே அடிப்பாங்கள்."

சு.வின் படத்தைப் பற்றி ஓர் ஆள் இப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு குளிர்ச்சி. பஸ் வரும் வரைக்கும் நின்றது. பிறகு வெட்கம். எழுதாமல் விட்டால் இன்னும் மோசம் என்பதால் எழுதுகிறேன்.

வெளியே வர அவர் கூப்பிட்டுச் சொன்னது: "வீட்டிலை லப்ரொப் இருந்தால் அதிலை போட்டுப் பாருங்கோ. அது பிரதேச நம்பரை மாத்த விடும். ஆனால் அஞ்சு தரம்தான். கடைசியாய் எதிலை விடுறியளோ, பிறகு அதிலைதான் நிக்கும்."

பின்னேரம் இவருக்கு முன்னோட்டம் போட்டுக் காட்டினேன். முன்னோட்டம் மட்டும் எல்லாப் பிரதேசத்திலும் ஓடுகிறது. ஆரணி கிணற்றடியில் நின்று, "வாறன் எண்டு சொன்ன ஆள் வரத்தானே வேணும்" என்கிறாள். என் இழுவை. 'தானே'யில் என் அழுத்தம். நான் மூச்சு விடுகிற இடத்தில் விடுகிறாள்.

இவர் போனை வாங்கி இன்னொரு முறை போட்டார். "என்ன வடிவாய்க் கதைக்குது இந்தப் பிள்ளை. எங்கத்தைப் பிள்ளை?"

"கனடா."

"சும்மா சொல்லாதையும். இது எங்கடை பக்கம்."

கட்டிப் பத்தொன்பது வருடம். சுமதியின் படத்துக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன் என்று இவருக்குத் தெரியும். ஆனாலும் தெரியவில்லை. இரவு புட்டுக்குச் சம்பல் அரைக்கவில்லை, வாழைப்பழம் வைத்தேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

மத்தியானம் இடி, மழை இல்லை.

லப்ரொப்பைத் திறந்து பார்த்தேன். இப்போது நிற்பது 2. மீதமுள்ள மாற்றங்கள்: 1.

இவர் தெல்லிப்பழையிலிருந்து நாலரைக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலை, வந்தால் அரை மணித்தியாலம் பேச்சில்லை. அது முடியட்டும் என்று இருந்து கேட்டேன்.

"மிச்ச நாலையும் ஆர் முடிச்சது?"

"நான்தான். கொழும்பிலை வாங்கினதுக்கு அஞ்சு. தம்பி லண்டனாலை அனுப்பினதுக்கு ரெண்டு. பிறகு திரும்ப அஞ்சு, திரும்ப ரெண்டு. உப்பிடி ஒரு கணக்கு இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

"இதை ஒண்டாக்கினால் தம்பியின்ரை ஒண்டும் ஓடாது."

"ஓம்."

தம்பி அனுப்பியவை இருபத்தாறு. மிருகங்கள், கடல், பழைய துப்பறியும் படங்கள். சனிக்கிழமைகளில் இவருக்கு அதுதான். சிலதைப் பத்துத் தரம் பார்த்திருப்பார்.

"அப்பிடி என்ன அந்தப் படத்திலை?" என்றார்.

என் குரல் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். "சுமதியின்ரை படமெல்லோ" என்றேன்.

"சிநேகிதியின்ரை படமெண்டால் பார்க்கத்தானே வேணும். மாத்துமன்."

என்னால் அழுத்த முடியவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

ஒக்டோபர் 11, சனி

சந்தை. கத்தரிக்காய், முருங்கைக்காய், பயித்தங்காய். மீன் நல்லதாய் இல்லை.

திரும்பி வரும்போது இவர் மாற்றியிருந்தார். 1. மீதம் 0. லண்டன் இறுவட்டுகள் எல்லாம் ஒரு பெட்டியில், கயிறு கட்டி, அலுமாரிக்கு மேல். "ஓடுது, வந்து இரும்" என்றார்.

இரண்டு கதிரை போட்டுப் பார்த்தோம். ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடம்.

குறை பிடிக்கவேண்டும் என்றுதான் இருந்தேன். பிடித்தவை: வாழை எங்கள் வாழை இல்லை. வாசல் படலை கட்டிய விதம் பிழை. செம்பு புதிது. அதற்குப் பிறகு குறை பார்க்க மறந்துபோனேன். அந்தப் பிள்ளை நல்ல நடிகை. எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

கடைசிக் காட்சி. அவள் அரிவாள்மணையில் இருந்து காய் வெட்டுகிறாள். இப்போது சொல்லப்போகிறாள், அவர் இனி வரமாட்டார். வாய்க்குள் நானும் சொன்னேன்.

அவள் அதைச் சொல்லவில்லை. வெட்டுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினாள்.

"இவர் வந்திட்டார். படலை திறக்க வேணும்."

எழும்பினாள். திரை இருண்டது.

இவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "நல்ல முடிவு" என்றார். என் பெயர் ஓடியது: 'நன்றி' என்பதற்குக் கீழே, மத்தியானச் சாப்பாடு கொடுத்த கடைக்கும் வாகனம் விட இடம் கொடுத்தவருக்கும் நடுவில். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. அந்த வசனத்தை எங்கே கேட்டிருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அறைக்குள் போய்ப் போனில் பழைய பதிவுகளைத் தேடினேன். கடைசி வசனத்துக்கு அனுப்பியவை மூன்று. முதல் இரண்டிலும் அவர் இனி வரமாட்டார். மூன்றாவதில் நான் தொடங்கவே இல்லை. கரண்டிச் சத்தம். தூரத்தில் இவருடைய மோட்டார் சைக்கிள் ஹோர்ன். பிறகு நான்: "இவர் வந்திட்டார். படலை திறக்க வேணும்." பதிவை அங்கேயே வெட்டிவிட்டேன். வெட்டும்போது அழிக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

ஆரணி அதை நான் மாற்றி அனுப்பிய வசனம் என்று நினைத்திருக்கிறாள்.

மூன்று தரம் போட்டுக் கேட்டேன். எரிச்சல்தான் இருக்கிறது. அடுப்பில் கறி, கையில் போன், இந்த நேரம் பார்த்து வருகிறார் என்ற எரிச்சல். ஆரணி சொல்லும்போது ஊர் முழுக்க அழுகிறது. அவள் இதில் எதைக் கேட்டாள்?

கிழமைக்கு ஐந்து நாள் சொல்வதுதான். இவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அதைச் சொல்லும்போது இவர் படலைக்கு வெளியே நிற்பார். இன்றைக்குத்தான் கேட்டார், ஆரணியின் வாயால்.

இன்னொன்று. செவ்வாய்க்கிழமை நான் நெஞ்சடைத்தது என்று சொன்ன வசனம் படத்தில் இல்லை. சு.வுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

காலையிலிருந்தே பயம்தான். உடுத்தது நீலச் சேலை.

பின்னேரம் ஏழரைக்குத் தொடங்கியது. அங்கே காலை. முப்பது முகங்கள். சு. தலைமயிரை வெட்டியிருக்கிறாள், வயது தெரியவில்லை. என்னை, "யாழ்ப்பாணத்திலை இருந்து எங்களோடை" என்று அறிமுகப்படுத்தினாள். பார்த்தவள் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

ஆரணி வசனம் இல்லாமல் கதைப்பதை முதல்முறை கேட்டேன். அரைவாசி ஆங்கிலம். ழகரம் இல்லை. கேட்கக் கேட்க எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்தது.

ஒருவர் கேட்டார், அந்தக் கடைசி வசனம் எப்படி வந்தது என்று. சு. வாய் திறக்கமுன் ஆரணி சொன்னாள்.

"அது அன்ரிதான். ஸ்கிரிப்ட்ல வேற லைன். அன்ரி மாத்தி அனுப்பினவ. நான் சும்மா கொப்பி பண்ணினன்."

முப்பது முகமும் என்னைப் பார்த்தன. கறிச்சட்டியையும் ஹோர்ன் சத்தத்தையும் சொல்ல இருபது செக்கன் போதும்.

"ஓம்" என்றேன். கை தட்டினார்கள்.

முடிந்து ஐந்து நிமிடத்தில் சு.வின் செய்தி.

"எப்ப பார்த்தனி? உண்மையைச் சொல்லு."

"நேற்று."

"தெரியும். பரவாயில்லை." பிறகு இது, அப்படியே எழுதிவைக்கிறேன்:

"நாலு வருசமாய் எழுதினது நான். போற இடமெல்லாம் சனம் கேக்கிறது அந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான். அது உன்ரை. உனக்குச் சொல்லக்கூட மனம் வரேல்லை எனக்கு. சில நாள் அதை வெட்டி எறிஞ்சிருக்கலாம் எண்டு நினைப்பன்."

இரண்டு தரம் வாசித்தேன். சுமதிக்கு என்னில் பொறாமை.

அது வசனமே இல்லையடி, இவர் உண்மையாகவே வந்தவர் என்று எழுதினால் அவளுக்கு இன்றைக்கே ஆறிவிடும். பதிவையும் அனுப்பலாம். விரல் வைத்துப் பார்த்தேன்.

நாளைக்கு அனுப்பலாம். இன்றைக்கு வேண்டாம்.