அணைத்து வைத்த மைக்

மேசை மேல் கிடக்கும், சட்டையில் குத்திக்கொள்ளும் இந்தச் சின்ன மைக்கின் பஞ்சில் இன்னும் கிராம்பு வாசனை அடிக்கிறது. நீ எந்நேரமும் மென்ற கிராம்பு. எனக்கு அது என்றைக்கும் பிடித்ததில்லை. காலையில் உன் மனைவி வந்து, "அவுக இதை உங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னாக" என்று ஒரு துணிப்பையை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே இந்த மைக்கும் ஒரு மெமரி கார்டும்.

உன்மேல் எனக்குக் கோபங்கள் பல. அருப்புக்கோட்டை கேபிள் சேனலில் ஞாயிறுதோறும் நீ நடத்திய தொழில்நுட்ப நிகழ்ச்சியில் பேசியதெல்லாம் நான் எழுதித் தந்தது. திருச்சுழியில் இயற்பியல் வாத்தியாராக இருந்துகொண்டு, விடுமுறை நாளெல்லாம் உனக்குக் கேமரா பிடித்தேன். பஸ் நிலையத்தில் உன்னோடு போட்டோ எடுக்க வருகிறவர்கள் போனை என் கையில் கொடுத்து, "ஒண்ணு எடுங்க சார்" என்பார்கள். நீ சிரிப்பாய். "ஏலே வாத்தி, தலையை வெட்டிராம எடு."

அதையெல்லாம் பொறுத்தேன். பரளச்சியிலிருந்து வந்து என்னிடம் படித்த அந்தப் பெண்பிள்ளை விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் மாணவர்கள் செய்கிற வீடியோக்களை நிகழ்ச்சியின் கடைசியில் போடலாம் என்றது நீதான். முதல் வீடியோ அவளுடையது. புஞ்சைக் காட்டில் இருக்கும் கிணற்று மோட்டாரை வீட்டிலிருந்தே மிஸ்டு கால் கொடுத்து ஓட வைக்கும் கருவி. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாமல் அவள் அப்பா பகலெல்லாம் கிணற்றடியிலேயே கிடந்ததால் செய்தது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, கேமரா முன்னால் நான்கு நிமிடம் தடங்கலில்லாமல் பேசினாள். "உங்க மக பேச்சை ஊரே கேக்கும் பாருங்க" என்று அவள் அப்பாவிடம் சொன்னேன்.

ஊரே பார்த்தது. அவள் வாய் அசைய, உன் குரல் வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'மீசைக்காரி' என்று பேர் வைத்துவிட்டார்கள். அதன்பின் அவள் எந்தக் கேமரா முன்னாலும் நிற்கவில்லை.

உன் செல்போன் கடைக்கு வந்து கேட்டேன். ஏதோ போனுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னாய்: "என் நிகழ்ச்சில என் குரல்தாம்லே வரும். பிடிக்கலேன்னா கேமராவ வச்சிட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனேன். எட்டு வருஷம் பேசவில்லை. போன மாதம் நீ செத்தபோதும் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன்.

மதியம் கார்டைப் போட்டுப் பார்த்தேன். அன்று நான் எடுத்த அசல். ஒத்திகையில் அவள் குரல் தெளிவாகக் கேட்கிறது. பிறகு திரைக்குள் என் கை வருகிறது. "கொஞ்சம் இரும்மா, அணைச்சு வைப்போம். பேட்டரி தீந்துரும்" என்கிறேன். அந்தப் பொத்தான் பேட்டரி வாங்க மதுரைக்குப் போக வேண்டும் என்பதால், சும்மா இருக்கும் நேரமெல்லாம் மைக்கை அணைப்பது என் பழக்கம். மறுபடி போட மறந்திருக்கிறேன். ஹெட்போன் மாட்டிக் கேட்கவும் இல்லை. அதன்பின் நான்கு நிமிடம், சத்தமே இல்லாமல் அவள் பேசுகிறாள்.

ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாளே பரளச்சிக்குப் போய்த் திரும்ப எடுத்திருப்பேன். என் வாய்க்குப் பயந்தாயா, என் முகம் வாடிப்போகும் என்று பார்த்தாயா, தெரியவில்லை. நீ பெரிய மனுஷனாகிவிட்டாய். என்னை எட்டு வருஷம் அற்பனாக அலைய விட்டாய். இதற்கும் உன்மேல் கோபம்தான்.

சாயங்காலம் பஸ் ஏறி வீரசோழன் போனேன். அந்தப் பிள்ளை இப்போது அங்கே கம்ப்யூட்டர் மையம் வைத்திருக்கிறாள். உண்மையைச் சொல்லத்தான் போனேன். நீ போய்விட்டதைச் சொன்னதுமே அவள் முகம் மாறியது.

"அந்த சார் அப்பவே வீட்டுக்கு வந்தாக. 'உன் பேச்சைக் கம்ப்யூட்டர்ல நான்தான் தெரியாம அழிச்சிட்டேன் பாப்பா, உங்க சார்ட்ட சொல்லிராத'ன்னாக. செத்தவுகளைச் சொல்லக் கூடாது. ஆனா இன்னைக்கு வரைக்கும் எனக்கு அவுக மேல ஆறல சார்."

நான் "ம்" என்றேன். டீ வாங்கிக் கொடுத்தாள். குடித்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மைக் அவ்வளவு நேரமும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.