நீ திறந்துவிட்ட கேஸைத் தேடிப் பறந்தேன்

மச்சான்,

இன்று பகல் விமானத்தில் வெளிக்காற்றைப் பிடிக்கும் ஒரு குப்பியின் வால்வைத் திருகினேன். 'உஸ்' என்றது. அவ்வளவுதான், வட துருவத்துப் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தவன் பலாங்கொடையில் உன் ஃபிரிட்ஜ் கடைக்குள் வந்து விழுந்தேன். அந்தக் கம்ப்ரசர் எண்ணெய் வாடைகூட மூக்கில் ஏறியது.

பள்ளிக்கூடம் விட்டால் தேயிலைத் தோட்டத்து பஸ் வரும்வரை எனக்கு அந்தக் கடைதான் கதி. உன் வாப்பாவுக்குப் பிறகு கடை உன் கைக்கு வந்தது. பழுதான ஃபிரிட்ஜ் வந்தால் முதலில் பழைய கேஸை இறக்க வேண்டும். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் குழாயை வெட்டுவாய். கேஸ் உஸ்ஸென்று பின்வாசலால் வானத்துக்குப் போகும். அந்தக் குளிருக்கு இருவரும் கையை நீட்டிக்கொண்டு நிற்போம். அப்போது எல்லாக் கடையிலும் அப்படித்தான்.

"காத்துல விடுறதுக்கும் பிஸ்மியாடா?" என்று கேட்டிருக்கிறேன்.

"தொடங்குற வேல எல்லாத்துக்கும்தான்" என்பாய்.

வெளிநாட்டில் காற்றை அளக்கும் வேலைக்குப் போனபின், லீவில் வந்து உன்னிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த கேஸ் கீழே அழியாது. மேலே போய் உடையும். அதிலுள்ள குளோரின் துருவத்துக் குளிர்மேகங்களில் வேகம் பிடித்து ஓசோனைத் தின்னும். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"பலாங்கொடேல விட்ட கேஸ் துருவத்துக்குப் போகுமா? நம்மட தோட்டத்து பஸ்ஸே மலைக்கு ஒழுங்கா போறல்ல."

சிரித்தவன்தான், அடுத்த முறை நான் வந்தபோது பழைய கேஸைப் பிடித்து அடைக்க ஒரு சிலிண்டர் வாங்கி வைத்திருந்தாய். நேரமாகிறது என்று வாடிக்கையாளர் முணுமுணுத்தால், "பொட்டக் இன்ன, மஹத்தயா" என்று சிங்களத்தில் பொறுக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து முறைப்பாய். முறைத்தாலும் பிறகு ஒருநாளும் நீ கேஸை வெளியே விடவில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் எடுத்தாய். நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மச்சான், நான் விட்டதெல்லாம் இன்னும் மேல ஈக்கிதா? கொறயுதா?" என்று கேட்டாய். உலகமெங்கும் அந்த கேஸைத் தடைசெய்தாயிற்று, கணக்குப்படி குறைய வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். உனக்கு அளந்து பார்த்த பதில்தான் தர வேண்டும் என்று நினைத்தேன். "பாத்துச் சொல்றேன்டா" என்றேன். அந்தக் குளிர்காலம் முழுக்கப் புயல், எங்கள் விமானம் எழும்பவே இல்லை. அதற்குள் நீ போய்விட்டாய். அந்த வானத்தின் மேல் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இன்று வானம் வழிவிட்டது. பயணிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கருவிகளை அடுக்கிய விமானம் இது. வெளிக்காற்றை இழுக்க முன்பக்கத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண விமானங்களுக்கும் மேலே ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே அந்த மேகங்கள் வந்தன பார், குருவிட்டவில் இரத்தினக்கல் வியாபாரிகள் திருப்பித் திருப்பிக் காட்டும் சந்திரகாந்தக் கல்லைப் போல மினுங்கிக்கொண்டு. ஓசோனுக்கு எமன் இவ்வளவு அழகாகவா இருப்பான்? கருவியை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

முதல் குப்பியின் 'உஸ்' காதில் இருக்கும்போதே அடுத்த வால்வுக்குக் கை போனது. வாய் தானாக "பிஸ்மில்லாஹ்" என்றது. மாரியம்மன் திருவிழாவில் காவடி எடுத்தவன் நான். பக்கத்துக் கருவியிலிருந்த பெண் என்ன அது என்று கேட்டாள். எங்கள் ஊரில் கேஸைத் திறக்குமுன் சொல்வது என்றேன். அதற்குப் பிறகு நான் மறந்தால் அவளே ஞாபகப்படுத்தினாள்.

தரையிறங்கியதும் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல் குப்பிகளைப் பரிசோதனை இயந்திரத்தில் மாட்டினேன். திரையில் உன் கேஸின் கோடு எழுந்தது. முந்தைய பயணங்களின் கோடுகளைப் பக்கத்தில் வைத்தேன். இது எல்லாவற்றுக்கும் கீழே நின்றது. நம்பாமல் மறுபடி ஓட்டினேன். மறுபடியும் கீழேதான். எழுந்து அந்தச் சின்ன அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

நாளைக்கும் பறக்கிறோம். முதல் வால்வுக்கு முன்னால் உன் சொல்லைத்தான் சொல்வேன், அது இனி என் வாயைவிட்டுப் போகாது. நீ கேட்டதற்குப் பதில் இப்போதுதான் கைக்கு வந்தது.

இருக்குடா. ஆனா கொறயுது.