விடுதியில் பெய்த மழை

ஆத்தூர்
12.10.2025

அன்பு மகள் அக்சிலியாவுக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், டொரண்டோவில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியைத் தட்டிக்கொண்டு போன சுவாமிநாதன் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறானாம், விருந்துக்குக் கூப்பிட்டான், நான் போகமாட்டேன்.

அத்தை விட்ட வக்கீல் நோட்டீசுக்குப் பதில் அனுப்ப, அவளுக்குக் கை வெந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன் என்று, நான் படித்த சேலம் விடுதியில் சான்று வாங்கச் சொன்னாயே, வியாழக்கிழமை போனேன். தனக்கு எட்டு வயதில் சேகோ ஆலையில் ஜவ்வரிசி வறுக்கும் தட்டில் தன் கையை வைத்து அழுத்தியது நான்தான் என்று ஆரோக்கியம் அத்தைக்கு ஞாபகம் வந்ததே நாற்பது வருடம் கழித்து, மனநல ஆலோசகரிடம் போன பிறகுதான். மறந்து மீண்ட ஞாபகங்களைப் பற்றிய உன் ஆய்வில் பெயரை மாற்றி அதை எழுதினாய். கைத் தழும்பையும் சேகோ ஆலையையும் உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான். கட்டுரை இணையத்தில் வந்ததும் யாரென்று ஆத்தூரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அத்தை போன் செய்து, என் கையைப் பத்தி என்னைத் தவிர ஊரையே கேட்டிருக்கா உன் மக, பேரை மாத்தினா கை மாறிடுமாண்ணே என்று கத்தினாள். போடி பொய்க்காரி என்று வைத்துவிட்டேன்.

அவ்வளவு உறுதி எனக்கு. அன்று நான் விடுதியில் இருந்தேன், தகரக் கூரையில் மழை கொட்டியது, வார்டன் கூப்பிட்டுத் தங்கைக்குக் கை வெந்துவிட்டது என்றார், கோவில் வாசலில் நின்று அழுதேன். விடுதியில் அந்த வருடப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார்கள். 1983 செப்டம்பர் 6 முதல் 9 வரை மாதா திருநாள் விடுமுறை, என் பெயருக்கு எதிரே அழைத்துப்போன உன் தாத்தாவின் கையெழுத்து. கை வெந்தது திருநாளுக்கு முந்தின நாள், ஏழாம் தேதி, அதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எழுத்தர் மாரி, மழைங்கறீங்க சார், அன்னிக்கு விடுதியே பூட்டிக் கெடந்திருக்குது என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்த நோட்டின் முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தத் தகரம் காதில் இரைகிறதம்மா, வார்டன் சட்டையின் ஈர வாசனைகூட வருகிறது. பெய்யாத மழையை நாற்பத்திரண்டு வருடம் எனக்குள் பெய்ய வைத்தது எது? கையை நான் அழுத்தினேனா என்று எனக்குத் தெரியாது, அவள் சொல்வது அப்படியே நடந்தது என்றும் இதனால் ஆகிவிடாது. ஆனால் அவளைப் பொய்க்காரி என்று சொல்ல என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்த மழைதான். நோட்டீஸ் விட்டதற்காக அவள் மேல் இருக்கும் கோபம் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பக்கத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். இன்னொன்றை அவளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், அவள் வக்கீல் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். மாதா உன் கூடவே இருப்பாள், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, அத்தையைக் கேட்காமல் இனி ஒரு வரியும் வேண்டாம். மறுத்தால் முழுவதையும் எடுத்துவிடு. சம்மதித்தால் என் மழையையும் சேர்த்து எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
உபகாரசாமி