வெறும் இரும்பு

மார்ச் 4, செவ்வாய்

புது சர்வர் அறையில் இன்றுதான் குளிரூட்டி ஓடத் தொடங்கியது. இத்தனை நாள் வியர்த்தோம், இனி விறைப்போம். பெட்டி பிரித்த சர்வர்களையெல்லாம் ரேக்கில் ஏற்றி முடித்தாயிற்று. எதற்குள்ளும் எதுவும் இல்லை. வெறும் இரும்பு.

ஒவ்வொன்றையும் திறந்து, என்ன செயலி, எவ்வளவு நினைவகம், எத்தனை வட்டு என்று கையால் குறித்துக்கொண்டிருந்தால் இந்த ஆஸ்பத்திரி அடுத்த வருஷமும் பழைய கட்டடத்திலேயே இருக்கும். அதனால் கண்டறியும் சேவை ஒன்றை நிறுவச் சொல்லியிருக்கிறார்கள். இயந்திரத்தைப் போட்டதும் அது வலையைப் பார்த்து, "நான் எதிலிருந்து எழும்புவது?" என்று கேட்கும். நம் சேவை பதில் சொல்லி, ஒரு சின்னத் தற்காலிக அமைப்பை அனுப்பும். அது இயந்திரத்தை உள்ளும் புறமும் துழாவி, கண்டதையெல்லாம் நமக்குச் சொல்லிவிட்டு அணைந்துபோகும்.

நானும் தம்பியும்தான் இந்த வேலைக்கு. அவருடைய தம்பி, என் கொழுந்தன். வீட்டில் எதிர் அறை, இங்கே எதிர் மேஜை. நான் சொல்லித்தான் சேர்த்தார்கள். சேர்த்த பிறகு எனக்கு ஒருநாளும் தலைகுனிவு தேடித்தந்ததில்லை.

மார்ச் 6, வியாழன்

நாள் முழுக்க மௌனம். இயந்திரங்கள் எழும்புகின்றன, தற்காலிக அமைப்பு ஏறுகிறது, அதன்பின் பேச்சு மூச்சு இல்லை. கடைசியில் பார்த்தால், அறிக்கையை எங்கே அனுப்புவது என்ற முகவரியில் நான் தவறான வலை அட்டையின் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அதுகள் பாவம், யாருமில்லாத வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தன.

திருத்தினேன். உடனே ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒரு சர்வர் மட்டும் நினைவகம் பாதிதான் என்றது. திறந்தால் ஒரு பட்டை சரியாக உட்காரவில்லை. தம்பி அதை அழுத்தி உட்கார வைத்துவிட்டுச் சொன்னான்: "புது வீட்டைப் பாக்க வர்ற அத்தை மாதிரி அண்ணி இது. அலமாரியெல்லாம் திறந்து பாத்துட்டுதான் உக்காருது."

மார்ச் 11, செவ்வாய்

கீழே, முதலில் இடம் மாறிவந்த கதிர் சிகிச்சைப் பிரிவில் அச்சு இயந்திரம் வேலை செய்யவில்லை என்று போனேன். காத்திருக்கும் பெஞ்சில் ஒரு மனிதர். தொண்டையில் கட்டி, பஸ்ஸில் கண்டக்டராம். குரல் தேய்ந்து காற்றாகத்தான் வருகிறது, ஆனாலும் வாய் சும்மா இல்லை. என்னைப் பார்த்ததும், "டாக்டரா?" என்றார். கம்ப்யூட்டர் என்றேன். "அப்ப நீங்கதான் டிரைவர். டாக்டருங்க என்னை மாதிரி, டிக்கெட் மட்டும்தான் கிழிப்பாங்க."

அங்கே இருக்கும் டெக்னீஷியன் அக்கா சொன்னாள்: தினமும் ஒரு வேளை, ஒருநாள் விடாமல் படுக்க வேண்டும். பாதி தாண்டிவிட்டாராம். கட்டி நன்றாகச் சுருங்குகிறதாம். "இடையில விட்டா மட்டும் அது திரும்ப எந்திரிச்சிடும். அதான் காய்ச்சல்னாகூட வரச் சொல்றோம்."

மார்ச் 14, வெள்ளி

மேலாளர் வந்தார். திங்கட்கிழமை இயக்குநர் பார்வையிட வருகிறாராம். திரையில் எல்லாம் பச்சையாக இருக்க வேண்டுமாம்.

இரண்டு விஷயங்களை நான் இன்னும் அணைத்தே வைத்திருந்தேன். பதிவில் இல்லாத இயந்திரம் வந்து கேட்டால் தானாகவே சேர்த்துக்கொள்வது ஒன்று. சேர்த்ததும் அதன் வட்டுகளைத் துடைத்துச் சுத்தமாக்குவது இன்னொன்று. இதற்கு இயந்திரத்தை வெளியிலிருந்து போட்டு அணைக்கும் அதிகாரம் வேண்டும். புது சர்வர்களுக்கெல்லாம் தொழிற்சாலையில் வைத்த ஒரே கடவுச்சொல், அதைத்தான் சேவைக்குக் கொடுத்திருக்கிறோம்.

மேலாளர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாத்தையும் ஆன் பண்ணிடுங்க. துடைக்கிறதையும் சேத்து. ஒவ்வொண்ணா கை வெச்சுப் பண்றதுக்கா இவ்வளவு செலவு பண்ணினோம்?"

இந்த வலை எந்தெந்தக் கேபிள் துளைக்கெல்லாம் போகிறது என்று பார்த்துவிடுகிறேனே, என்றேன். அவர் அதற்குள் கதவருகே போய்விட்டார். அவருக்குக் கேட்டதா? கேட்காத மாதிரிப் போவது அவருக்குக் கைவந்த கலை. நானும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

தம்பியிடம் மட்டும் சொன்னேன், திங்கள் காலை நான் வந்து பார்க்கிற வரைக்கும் தொடாதே என்று. "இயக்குநர் காலையிலேயே வந்து நிப்பாரு அண்ணி," என்றான். அதையும் இதையும் பேசிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

கதிர் சிகிச்சை நின்றுபோய்விட்டது. நாங்கள்தான். இதற்குமேல் இன்று எழுத முடியாது.

மார்ச் 18, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி நினைக்கத் தொடங்கிவிடுவேன்.

நான் போன பிறகு, வெள்ளிக்கிழமையே தம்பி இரண்டையும் போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பு ஆட்கள் பழைய கட்டடத்திலிருந்து ஒரு சர்வரைக் கொண்டுவந்து எங்கள் அறையில் ஏற்றியிருக்கிறார்கள். கதிர் சிகிச்சைத் திட்டங்கள் இருக்கும் சர்வர். ஒவ்வொரு நோயாளிக்கும் கதிர் எந்தக் கோணத்தில், எவ்வளவு நேரம், எதைத் தொடாமல் போக வேண்டும் என்று டாக்டர்கள் உட்கார்ந்து வரைந்தது எல்லாம் அதில்தான். மாற்றச் சொன்னது மேலாளர். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை.

வந்தவர்கள் காலியாக இருந்த துளையில் கேபிளைச் செருகிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது எங்கள் சேவையின் துளை. அந்த சர்வரும் எழும்போது முதலில் வலையைத்தான் கேட்கும், யாரோ எந்தக் காலத்திலோ அப்படி வைத்திருக்கிறார்கள். சேவை பதில் சொன்னது, துழாவியது, பதிவில் இல்லை, சேர்த்துக்கொண்டது. அதுவும் அதே கம்பெனி, அதன் கடவுச்சொல்லும் தொழிற்சாலையில் வைத்த அதேதான். வாங்கின நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. பிறகு துடைத்தது. எல்லா வட்டுகளையும். பிரதி எடுத்து வைத்திருந்தார்கள்தான், அதே சர்வரின் இன்னொரு வட்டில்.

நேற்றுக் காலை நான் வந்தபோது திரையில் எல்லாம் பச்சை. எதிர்பார்த்ததைவிட ஒரு சர்வர் அதிகமாக இருந்தது. யாருடையது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து போன் வந்தது.

மார்ச் 19, புதன்

வட்டுகளை மீட்கிறவர்களிடம் கொண்டுபோனோம். அந்த ஆள் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா துடைச்சிருக்கீங்க," என்றார். கேலி இல்லை. வேலையை மதித்துச் சொன்னார்.

எல்லாருக்கும் மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். திட்டம் போடும் மருத்துவ இயற்பியலாளர் ஒரே ஒருவர்தான். குழந்தைகளும் மூளைக் கட்டிக்காரர்களும் முதலில். தொண்டைக்காரர்கள் அப்புறம்.

மார்ச் 21, வெள்ளி

கண்டக்டர் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார். வர வேண்டாம், கூப்பிடுகிறோம் என்று சொல்லியும் வருகிறார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் தண்ணீர்ப் பாட்டில்.

என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வண்டி என்னாச்சும்மா, பஞ்சரா?"

சரியாகிடும் ஐயா, என்றேன். நல்லா பாத்து ஓட்டுங்க என்றார். அந்த மனைவி எனக்காக நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். நான் உட்காரவில்லை. எந்த முகத்தோடு உட்காருவது?

மார்ச் 25, செவ்வாய்

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். மேலாளர் இப்போதே பேச்சை மாற்றிவிட்டார். "தயாரா வைங்கன்னுதான் சொன்னேன். துடைங்கன்னு எவனாவது சொல்லுவானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வாயைத் திறந்திருக்கலாம். நானும் திறந்திருக்கலாம்.

வீட்டில் அவரிடம் சொன்னேன். சரக்கு வண்டி ஓட்டிவிட்டு வந்த களைப்பு, ஆனாலும் முழுவதும் கேட்டார். அப்பா போன பிறகு தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். "அந்த ஆளு சொன்னதை நீ கேட்டேல்ல?" என்றார். கேட்டேன் என்றேன். "அப்ப சரி," என்று எழுந்து முகம் கழுவப் போனார். அவரைப் பொறுத்தவரை அத்தோடு அது முடிந்துவிட்டது. சாட்சி சொல்ல நான் இருக்கிறேனே.

மார்ச் 28, வெள்ளி

தம்பி சோறு இறங்காமல் கிடக்கிறான். இளைத்துவிட்டான். கீழே போய்ப் பெஞ்சில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு வந்தானாம். ஏன்டா போனே என்றேன். "போகாம இருக்க முடியல."

பிறகு அவனே சொன்னான்: "அவர் சொன்னப்ப நீங்க அங்க இருந்தீங்க அண்ணி. அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும்."

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

ஏப்ரல் 2, புதன்

சொன்னேன்.

நீள மேஜை, மூன்று பேர். ஒரு பக்கம் மேலாளர், இன்னொரு பக்கம் தம்பி. மேலாளர் வெள்ளிக்கிழமை வந்தது, சொன்னது, "துடைக்கிறதையும் சேத்து" என்ற வார்த்தை, எல்லாம் சொன்னேன். மேலாளர் முகம் கறுத்தது. தம்பி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

குழுவில் இருந்த வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "உங்களுக்கு இதில சந்தேகம் இருந்துதா?"

இருந்தது.

தம்பியைக் காட்டினார். "அப்ப இவரை நிறுத்தச் சொல்லலையா?"

ஒரு நொடி. அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்தது, எங்கே கொண்டுபோய் விடப்போகிறது என்று. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்று அறையில் நாங்கள் இரண்டே பேர். இல்லை என்றால் நானும் அவனும் ஒரே தட்டில். ஆம் என்றால் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்.

"சொன்னேன். திங்கட்கிழமை வரைக்கும் தொடாதேன்னு சொன்னேன்."

"சொல்லியும் பண்ணினார்?"

"ஆமாம்."

அது உண்மை. உண்மை என்பதால் சொன்னேனா, என்னைக் காப்பாற்றியது என்பதால் சொன்னேனா? இதை எழுதும்போதும் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே வார்த்தையாக அமைந்துவிட்டதே, அதுதான் கொடுமை.

வெளியே வந்ததும் தம்பியைத் தேடினேன். படிக்கட்டு வழியாகப் போய்விட்டிருந்தான்.

ஏப்ரல் 3, வியாழன்

அவருக்குத் தம்பியே சொல்லியிருக்கிறான், குறை சொல்கிற மாதிரி இல்லையாம். "அண்ணி உள்ளதைச் சொன்னாங்க" என்றுதான் சொன்னானாம்.

"நீ பொய் சொல்லணும்னு நான் சொல்லல," என்றார் அவர். துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "அவங்க கேட்டதாலதானே சொன்னே?" என்றார்.

கேட்டாங்க.

"ம். கேட்டாங்க."

ஏப்ரல் 15, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. வாய்மொழி உத்தரவு உறுதிப்படவில்லை, எழுத்தில் இல்லை, சாட்சி சொன்ன நான் உறவுக்காரி. மேலாளர் வேறு பிரிவுக்கு மாற்றம். மூத்தவர் எச்சரித்தும் கேட்காமல் செய்த தம்பிக்கு வேலை நீக்கம். எனக்குப் பாராட்டு இல்லை, கண்டனமும் இல்லை. அந்தச் சேவையை நடத்தத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான், அதனால் இருக்கச் சொல்கிறார்கள்.

மே 9, வெள்ளி

தம்பி கிளம்பிவிட்டான். வெளியூரில் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் வேலையாம். வாசலில் என் மகள் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. "சித்தப்பா வந்துருவேன்டி," என்றான். என்னைப் பார்த்து, "வரேன் அண்ணி," என்றான். முன்பென்றால் ஒரு நக்கல் இல்லாமல் படி இறங்கியிருக்க மாட்டான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் அழுதாவது தீர்த்திருப்பேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கண்டக்டரைப் பற்றி டெக்னீஷியன் அக்காவிடம் விசாரித்தேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததே கேட்டால் தெரிந்துவிடும் என்றுதான்.

சிகிச்சையை மறுபடி தொடங்கி முடித்தார்களாம். கட்டி மறுபடி வந்துவிட்டதாம், இந்தத் தடவை கழுத்து முழுக்க. போன வாரம் போய்விட்டார்.

அந்த இடைவெளியாலா, என்று கேட்டேன்.

அவள் அடுத்தவருடைய ஃபைலை எடுத்துக்கொண்டே, "டாக்டர்ங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க," என்றாள். "சிலருக்கு எப்படியும் வரும். நீ போய் வேலையைப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

இரண்டாம் தொகுதி சர்வர்கள் வந்து இறங்கின. சேவை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தது, ஒன்றிலும் குறை இல்லை. துடைப்பதை அணைத்து வைத்திருக்கிறேன், நான் நேரில் போய்ப் பார்த்த பிறகு என் கையால்தான். மேலாளர் அறை இப்போது என்னுடையது. நாற்காலியின் உயரத்தைக் குறைக்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் கட்டிலில் ஒரு பையை வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். மகளுடைய பூப்போட்ட சட்டையும் அதில் இருந்தது. எங்கே என்று கேட்டேன். தம்பிக்கு வெள்ளிக்கிழமை பதிவுத் திருமணமாம். கூட வேலை செய்கிற பெண்ணாம்.

எப்போது முடிவாயிற்று என்று கேட்கவில்லை. "நானும் வரட்டுமா?" என்றேன்.

"உனக்கு லீவு கிடைக்குமா?" என்றார். கோபமே இல்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். நான் பதில் சொல்கிற வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. காலுறைகளைத் தேடப் போய்விட்டார்.

அவருடைய வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வாங்கி, மடிப்புக் கலையாமல், பையில் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துக்கொண்டார்.