பெரிய வாத்தியாரைப் பத்தி நம்ம மக எழுதின மனு

மேல போன பிறகும் என்னை ஏசுறதை நிறுத்தாத என் பேச்சியம்மாளுக்கு,

சொகமா இருக்கியாட்டி? அங்கன சாரல் உண்டுமா? இங்கன ஆடி பிறந்ததுல இருந்து விடாத தூத்தல். பேரருவியில ஆளு மேல ஆளு நிக்குது. உன் புருசனுக்குக் கை ஓயல.

முதல்ல சந்தோசச் செய்தியைச் சொல்லிருதேன். உன் மக கையைப் பாத்துச் சிரிச்சாரே அந்தப் பெரிய வாத்தியார், அவரு போன வாரம் என் பலகையில கோவணத்தோட குப்புறக் கிடந்தாரு. இரு, அதுக்குள்ள சிரிக்காத. முழுசாக் கேளு. ஊரே படிக்கட்டும்னுதான் இதை உனக்குக் கடுதாசியா எழுதுதேன். செத்துப்போன பொண்டாட்டிக்கு எழுதுதவனை எவன் வந்து கேள்வி கேப்பான்?

உனக்குத் தெரிஞ்ச கதைதான். தெரியாதவங்களுக்காக ஒரு தடவை சொல்லுதேன், பொறுத்துக்கோ. நான் குற்றாலத்துல எண்ணெய் தேய்க்கிறவன். படிப்பு மூணாங் கிளாஸோட சரி. எங்க ஒத்தை மக இசக்கிக்கு ஒண்ணரை வயசுல இளம்பிள்ளை வாதம் வந்து வலது கை தொங்கிப் போச்சு. அவளுக்கு அஞ்சு முடிஞ்ச வருசம், ஆனி மாசம், நீ புதுப் பாவாடை கட்டிவிட்டு பஸ்ஸேத்தித் தென்காசிக்குக் கூட்டிட்டுப் போன. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொட்டாத்தான் பள்ளிக்கூடத்துல சேப்பாங்க. தொட்டுட்டா வயசு வந்தாச்சுன்னு அர்த்தம். பிறந்த தேதியெல்லாம் எங்கள மாதிரி ஆளுக எங்க எழுதி வச்சோம்? இசக்கி பாவம், இடது கையால வலது காதைத் தொட்டுக் காட்டினா. அதுக்குத்தான் அந்த மனுசன் சிரிச்சாரு.

"பீச்சாங்கையால தொடுத பிள்ளைக்குப் படிப்பு ஒரு கேடா? அப்பனுக்கு எண்ணெய்க் கிண்ணம் தூக்கச் சொல்லு, போ."

நீ வீட்டுக்கு வந்து அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கலை. அந்தக் கார்த்திகையில காய்ச்சல்ல கிடந்து, பேச்சு அடங்குறதுக்கு முந்தி என் கையைப் பிடிச்ச. மகளைப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லுவன்னு நினைச்சேன். "அந்த ஆளைச் சும்மா விட்டுராதிய"ன்னு சொன்ன. உன்னைக் கட்டினதுக்கு அன்னைக்குத்தான் எனக்குப் பெருமையா இருந்துது.

அவரு கழுத்தைத் திருகுறது எனக்கு ஒரு வேலையா? தினமும் அம்பது கழுத்தைத் திருகுதவன் நான். அதுல ஒண்ணைக் கொஞ்சம் கூடுதலாத் திருகினா முடிஞ்சுது. ஆனா அப்புறம் இசக்கிக்குத் தலை பின்ன யாரு இருக்கா? அதனால வேற வழி யோசிச்சேன். அவரு பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கும் தெரியாததை எல்லாம் வீட்டுல வச்சே இவளுக்குத் தெரிய வச்சுரணும். எழுத்துக் கூட்டி வாசிக்க நீயே பழக்கிட்டுப் போயிட்ட. மிச்சம் விஞ்ஞானமும், சொந்தமா எழுதுறதும். ரெண்டுக்கும் எந்தப் புத்தகத்தை வாங்க? மூணாங் கிளாஸுக்காரனுக்கு என்ன தெரியும்?

ஆனா என்கிட்ட பலகை இருக்குல்லா! காலேஜ் வாத்தியார், வக்கீல், டாக்டர், தாசில்தார் எல்லாரும் சீசனுக்கு வந்து அதுலதான கிடக்காங்க? உடம்பு பூரா எண்ணெய், வேட்டி என் தலைக்கு மேல ஆணியில. கேட்டதுக்குப் பதில் சொல்லாம எங்க ஓடுவாங்க?

தென்காசியில பழைய புத்தகக் கடையில மூணு விஞ்ஞானப் புத்தகம் வாங்கியாந்து பலகைக்குப் பக்கத்துல வச்சேன்.

"அண்ணாச்சி, ஆறு வயசுப் பிள்ளைக்கு விஞ்ஞானத்தை எங்கன இருந்து தொடங்கணும்?"

"முதல்ல முதுகைத் தேய்யா."

"முதுகு எங்கேயும் போயிராது. நீங்க சொல்லுங்க."

மதுரைக் காலேஜ்காரர் காந்தத்துல தொடங்குன்னாரு. கோயில்பட்டி மில் மேனேஜர் எதுவா இருந்தாலும் இங்கிலீஷ்ல வாங்குன்னாரு. புனலூர்ல இருந்து வந்த ரப்பர் தோட்டக்காரர் மட்டும், "கொச்சு குட்டிக்கு சயன்ஸ் எந்தினா?"ன்னு, சின்னப் பிள்ளைக்கு அது எதுக்குன்னு மலையாளத்துல கேட்டாரு. அவருக்குக் கழுத்துல கொஞ்சம் அழுத்திக் கொடுத்தேன்.

கடைசியில தீர்ப்புச் சொன்னது இசக்கிதான். ஒரு புத்தகம் முழுக்கக் கேள்வியும் பதிலும். ரெண்டாம் பக்கத்துலயே கொட்டாவி விட்டுட்டா. இன்னொண்ணுல பனிமலையும் வெள்ளைக் கரடியும். "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதையும் தொட்டுப் பாக்க முடியாதேப்பா"ன்னா. மூணாவது புத்தகம் கண்ணாடிக் குழாய் வாங்கு, ஸ்பிரிட் விளக்கு வாங்குன்னுது. அதை நானே மூடி வச்சுட்டேன்.

அந்த நேரத்துலதான் பாளையங்கோட்டையில இருந்து ஒரு டாக்டர் வந்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "கையில பாடத்தை வச்சுக்கிட்டு ஏன்யா தேடுத? எலும்பும் சதையும்தான உன் தொழிலு? அதுல தொடங்கு"ன்னாரு. ஊருக்குப் போயி, எலும்புப் படம் போட்ட பழைய புத்தகம் ஒண்ணு தபால்ல அனுப்பி வச்சாரு. நல்லா இருக்கட்டும் அந்த மனுசன். இசக்கி என் தோள்பட்டையைத் தடவித் தடவிப் படிச்சா. இது பந்து, இது கிண்ணம், பந்து கிண்ணத்துக்குள்ள சுத்துது, அதான் கை சுத்துதுன்னு எனக்கே பாடம் எடுத்தா. இத்தனை வருசம் அந்தத் தோள் மூட்டைத்தான் உருட்டிப் பிழைக்குதேன், உள்ள என்ன இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் அவளே வந்து சொன்னா. "அப்பா, என் எலும்புல ஒண்ணுமில்ல. கையைத் தூக்குன்னு நரம்பு வழியாப் போற சேதி சதைக்குப் போய்ச் சேரலை. அவ்வளவுதான். மூளை நல்லாத்தான் இருக்கு."

பெரிய வாத்தியார் படிக்காம விட்ட பாடம் இதுதான் பாத்துக்கோ.

எழுத்துக்கும் இப்படியேதான். கட்டுரைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தா, பசுவைப் பத்தி ஒரு பக்கம் ஒப்பிச்சுட்டு, "நம்மகிட்ட பசு இல்லையே, எதுக்குப்பா எழுதணும்?"னு கேட்டா. நாலு கோடு நோட்டு வாங்கினா எழுத்து அழகா வந்துது, விசயம் ஒண்ணும் வரலை. அப்போ முட்டி வலின்னு வந்தாரு, கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆன அம்பாசமுத்திரத்துக்காரர். "மனு எழுதப் பழக்குடே. யாரு எழுதுதா, யாருக்கு எழுதுதா, என்ன குறை, என்ன வேணும். இந்த நாலையும் சுத்தி வளைக்காம எழுதத் தெரிஞ்ச பிள்ளையை ஒருத்தனும் ஏய்க்க முடியாது"ன்னாரு.

அந்த நிமிசமே எனக்குப் பெரிய வாத்தியார் மூஞ்சி கண்ணுல வந்து நின்னுது. இதுதான் பாடம்னு முடிவு பண்ணிட்டேன்.

முதல் மனு யாருக்குங்கிற? எனக்குத்தான். பொருள்: தலை பின்னத் தெரியாமை. ரெண்டாவது மனு, எரியாத தெருவிளக்கைப் பத்திப் பஞ்சாயத்துக்கு. பத்து நாள்ல எரிஞ்சுதுட்டி! மூணாவது, கல்வி அதிகாரிக்கு. காதுக்குக் கை எட்டலைன்னு தன்னைத் திருப்பி அனுப்பினதைப் பத்தி. மேல மூணு பகுதியும் எழுதி முடிச்சாச்சு. கடைசியில 'என்ன வேணும்'ங்கிற இடத்துல எங்களுக்குள்ள சண்டை. அந்த ஆளைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தணும்னு எழுதுன்னு நான் சொல்லுதேன். பள்ளிக்கூடத்துல சேக்கணும்னு எழுதுவேன்னு அவ சொல்லுதா.

"உனக்குத் தெரிஞ்சதெல்லாம் அங்கன ஒருத்தனுக்கும் தெரியாது. எதுக்குட்டி அங்க போகணும்?"

"அங்கன பிள்ளைக இருக்கும்லாப்பா."

எலும்பு இருக்கு, மனு இருக்கு, கூட விளையாட ஒரு பிள்ளை இல்ல. பழி வாங்குத சோக்குல இதை நான் கவனிக்கவே இல்லையே பேச்சி! நீ இருந்தா கவனிச்சிருப்ப, இல்லையா?

கடைசி இடம் அப்படியே காலியாக் கிடந்துது. அப்பதான் பெரிய வாத்தியாரே என் பலகைக்கு வந்து சேந்தாரு. என்னை அடையாளம் தெரியலை. அவருக்கு எப்படித் தெரியும்? உன்னையும் பிள்ளையையும்தான பாத்தாரு. நான்தான் பள்ளிக்கூட வாசல்ல தள்ளி நின்னு அவரைப் பாத்து வச்சிருந்தேன்.

"ஏலே, தோள்பட்டை இறுகிப் போச்சு. பாத்துத் தேய்."

உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எண்ணெயை ஊத்தினேன். உக்கார வச்சேன்.

"ஸார், எம்புட்டுத் தூக்க முடியுதுன்னு பாக்கணும். வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடுங்க."

கை நெத்தி வரைக்கும் வந்து நின்னுட்டு.

"எட்டலையே, ஸார்."

"எட்டலைன்னுதானலே உன்கிட்ட வந்திருக்கேன்!"

"அப்ப உங்களுக்கு இன்னும் வயசு வரலை. அடுத்த வருசம் வாங்க."

பக்கத்துப் பலகையில கிடந்த ரெண்டு பேரு குலுங்கிச் சிரிச்சாங்க. இவருக்கு விளங்கலை. குடைக்கடியில உக்காந்திருந்த இசக்கி எந்திரிச்சு வந்தா. அவளுக்கு என்னை மாதிரி நையாண்டி வராது. நெசமாவே விளக்கம் சொன்னா.

"ஸார், உங்களுக்கு மூட்டு இறுகியிருக்கு. எனக்கு நரம்புல சேதி போகலை. ரெண்டுக்கும் வயசுக்கும் சம்பந்தம் இல்ல."

அவரு அந்தத் தொங்குற கையைப் பாத்தாரு. முகம் மாறிட்டு. "எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குத?"ன்னு மெதுவாக் கேட்டாரு.

"நீங்க சேக்க மாட்டேன்னு சொன்னியளே ஸார், அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கலை"ன்னு நான் சொன்னேன். "இசக்கி, மனுவை வாசி."

வாசிச்சா. கணீர்னு, அனுப்புநர்ல இருந்து ஒரு வரி விடாம வாசிச்சா. உன்கிட்ட அவரு சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருந்தா. எண்ணெய்க் கிண்ணம் வரைக்கும். வெளியில தூத்தல், உடம்புல எண்ணெய், வேட்டி ஆணியில. எங்க போவாரு?

"இதை அனுப்பிராதடே. திங்கக்கிழமை கூட்டிட்டு வா, நேரா மூணாங் கிளாஸுல உக்கார வைக்கேன்"ன்னாரு.

நான் சரின்னு சொல்லலை பேச்சி. சத்தியமாச் சொல்லலை. "எந்திரிங்க ஸார், எண்ணெய் ஊறிட்டு, அருவிக்குப் போங்க"ன்னுதான் சொன்னேன். அவரா சரின்னு நினைச்சுக்கிட்டா நான் என்ன செய்ய?

திங்கக்கிழமை உன் மக மூணாங் கிளாஸுல உக்காந்துட்டா. சாயங்காலம் வந்து பையைக் கூட இறக்கலை. "அப்பா, அந்த மனுவை எடு"ன்னா.

"உன்னையத்தான் சேத்தாச்சேட்டி?"

"என்னைச் சேத்துட்டாரு. காலையில இலஞ்சியில இருந்து வந்த குள்ளப் பிள்ளையைக் காது எட்டலைன்னு திருப்பி அனுப்பிட்டாரு. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன்."

பாத்தியா? அம்புட்டு எண்ணெய் தேய்ச்சும் அந்த மனுசன் இளகலை.

காலியாக் கிடந்த இடத்துல அவளே எழுதினா. நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கலை. 'பிள்ளைகளைக் காது தொடச் சொல்வதை நிறுத்த வேண்டும். பெரிய வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்ற வேண்டாம். தினமும் காலையில் அவரே வாசலில் நின்று, வருகிற பிள்ளைகளை வாங்க என்று சொல்லிச் சேர்க்க வேண்டும்.'

ரெண்டு தடவை வாசிச்சேன். நான் நினைச்ச தண்டனை இதுக்குக் கால் தூசி பெறுமா? மாத்திவிட்டிருந்தா புது ஊருல போயி புதுசாச் சிரிப்பாரு. இங்கனயே நின்னு, நொண்டிப் பிள்ளைக்கும் குள்ளப் பிள்ளைக்கும் வாங்கன்னு சொல்லணும். தினமும் சொல்லணும்! உன் வயித்துல பிறந்ததுதான் அது, சந்தேகமே இல்ல.

செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்டர் தபால்ல போட்டாச்சு. பதில் வருமோ என்னமோ. ஆனா சேதி இலஞ்சி வரைக்கும் போயிட்டு. நேத்து அந்தக் குள்ளப் பிள்ளையோட அம்மை வாழைக்காயும் கையுமா வந்து நிக்கா, தன் பிள்ளைக்கும் ஒரு மனு வேணுமாம். ஞாயித்துக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்கேன். அன்னைக்கு எத்தனை பெரிய மனுசன் வந்து முதுகைக் காட்டினாலும் சரி, நான் பலகையைக் கழுவித் துடைச்சு, எழுதுறதுக்கு அதை உன் மககிட்ட விட்டுருவேன். போன மனுவை என் எண்ணெய் விரல் பட்டு மூணு தடவை திருப்பி எழுதினா. இனிமே அவ எழுதுற காகிதத்தைக் கை கழுவாம தொட மாட்டேன். இது உன் மேல சத்தியம்.

இப்படிக்கு,
இன்னும் தலை பின்னப் படிக்காத உன் அத்தான்,
இசக்கியோட அப்பன்