கற்பூரத்தில் என் கை படவில்லை, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. நெட்டுக்குப்பம் முனையில் உன் படம் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள். 'கட்சியின் தூண்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. தூண் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தபோது ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை. வயிறு எரிகிறது நைனா.

அந்தக் கட்சிக்காக வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர்ச் சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்தவன் நீ. அம்மா கத்தினால், "நம்ம ஜனம்டி, நம்ம ஆளு" என்பாய். நம்ம ஆள்தான் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தார். அனல் மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றில் படிந்தது, இறால் போயிற்று, அதன் புகையில் உன் நெஞ்சும் போயிற்று. ஒரு நாளாவது அவரிடம் போய் ஏன் என்று கேட்டாயா?

உன்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஸ்டெல்லாவை உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரி, ஆட்டோ ஓட்டுகிறவள். சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள், நான் ரோட்டில் நின்று அலறுவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். உன் உயிர் போகிற வரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகும் நம் குப்பத்தில் யாருக்கு மூச்சு இழுப்பு வந்தாலும் அவளுக்குத்தான் போன் போகும். அந்தப் புகையை நிறுத்தச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிச் சண்டை போட்டவளும் அவள்தான். அவள் இப்போது சுயேச்சையாக நிற்கிறாள். தையல் மிஷின் சின்னம்.

சொன்னதுமே சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பொற்கொடியக்கா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆட்டோக்காரிக்குக் கடலப் பத்தி இன்னாடி தெரியும்? நம்ம ஜனமும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"கடல் தெரிஞ்சவனுக்குத்தானேக்கா இத்தினி வருசமா ஓட்டு குத்தினோம்? ஆத்துல எறால் கீதா? சொல்லு."

"அதுக்கோசரம் ஊரு பேச்ச மீற சொல்றியா? கற்பூரம் அடிச்சாச்சுன்னா அவ்ளோதான்."

கற்பூரம் என்றால் உனக்குச் சொல்ல வேண்டுமா? கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, யாருக்கு ஓட்டு என்று பஞ்சாயத்தார் முடிவு செய்து, கற்பூரத்தை ஏற்றி, வீட்டுக்கு ஓர் ஆம்பிளை தட்டில் கை வைத்துச் சத்தியம் செய்தால் மொத்தக் குப்பமும் அதற்குக் கட்டுப்பட்டது. முதல் கை எப்போதும் உன்னுடையது. பெண்கள் நாங்கள் தள்ளி நின்று, யாருக்குப் போடப்போகிறோம் என்று தெரிந்துகொள்வோம்.

இந்தத் தடவையும் அதே கட்சிதான். நீயும் இல்லை, அம்மாவும் இல்லை, உனக்கு ஆண்பிள்ளையும் இல்லை. நம் வீட்டுக்காக நானே போனேன். ஸ்டெல்லாவின் பேரையும் சபையில் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஊர்த்தலைவர் ஏழுமலை மாமா என்னை வாயே திறக்க விடவில்லை.

"பொம்பள கை படக்கூடாது அஞ்சல. தள்ளிப் போ. உங்க வூட்டுக்கும் சேத்துதான் நாங்க பண்றோம்."

எல்லார் முன்னாலும் நைனா. உன் கூட்டாளிகள் என்னைத் தாண்டிப் போய்த் தட்டில் கை வைத்தார்கள். அவமானத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் உறைத்தது. என் கை படவில்லையே! அப்புறம் எந்தச் சத்தியம் என்னைக் கட்டும்?

மறுநாள் குழாயடியில் இதையே எல்லாரிடமும் கேட்டேன். "உன் கை பட்டுச்சா? உன் கை? ஆம்பளைங்க பண்ண சத்தியத்துக்கு ஆம்பளைங்க கட்டுப்படட்டும். நம்மள யாருன்னா கேட்டாங்களா?" இந்தத் தடவை ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் ஸ்டெல்லாவே வந்தாள். கடல் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று அவளிடமும் கேட்டார்கள்.

"எனுக்குக் கடலு தெரியாதுக்கா. நீங்கதான் சொல்லணும். தெரியாதத தெரியாதுன்னுதான் சொல்லுவேன்" என்றாள். மேடைப் பேச்சு அவளுக்கு வரவில்லை. பாதியில் தடுமாறி நின்றுவிட்டாள். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் போகும்போது, யார் வீட்டில் யாருக்கு இழுப்பு என்று பேர் சொல்லி விசாரித்துவிட்டுப் போனாள்.

குழாயடியில் நான் கேட்டதற்குத் தண்டனை வந்தது. அஞ்சலைக்கு யாரும் மீன் கொடுக்கக்கூடாது என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்கள். கூடை தூக்கினால்தான் நம் வீட்டில் அடுப்பு எரியும் என்று தெரிந்தே சொன்னார்கள். உன் மகளுக்கு, உன் ஊர் செய்த மரியாதை இது.

இருந்தும் காலையில் வெறுங்கூடையோடு கரைக்குப் போய் நின்றேன். ஏழுமலை மாமாவின் படகுதான் முதலில் வந்தது. நல்ல சங்கரா மீன். ஏலக்காரர் விலை கூறினார். யாரும் ஏலம் கேட்கவில்லை. குறைத்துக் கூறினார். அப்போதும் கேட்பாரில்லை. இத்தனை வியாபாரிப் பெண்கள், ஒருத்தியும் கூடையை நீட்டவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

"இன்னாங்கடி, விளையாடறீங்களா? மீனு கெட்டுப் பூடும்!" என்று கத்தினார் மாமா.

பொற்கொடியக்காதான் முன்னால் வந்தாள். "அஞ்சலைக்கு இல்லன்னா எங்களுக்கும் வாணாம். நீயே துன்னு."

மாமா என்னைப் பார்க்காமலே ஏலக்காரருக்குத் தலையாட்டினார். முதல் கூடை எனக்கு விழுந்தது.

திரும்பி நடக்கும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உதறிவிட்டாள். "தோ பாரு, உன் ஆட்டோக்காரிக்குக் குத்துவேன்னு நான் ஒண்ணும் சொல்லல. யோசிச்சிகினு கீறேன். ஆனா யோசிக்கிறது நானு. அந்தாளு இல்ல."

இது எனக்குப் போதும் நைனா. ஸ்டெல்லா ஜெயிப்பாளா? தெரியாது. டெபாசிட்டே போகலாம். இத்தனை வருஷம் நம் ஆளுக்குக் குத்தித் தோற்றதைவிட இது ஒன்றும் பெரிய தோல்வி இல்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவளே ஜெயித்து, அவளும் நம்மை மறந்தால், வியாசர்பாடிக்குப் போய் அவள் வீட்டு வாசலில் நின்று தெருவே கூடுகிற மாதிரி கத்துவேன். என் ஆள் என்று பொத்திக்கொண்டு இருக்க மாட்டேன். உன்னை மாதிரிச் சாக மாட்டேன் நைனா.

உன் மேல் தீராத கோபத்தோடும் பாசத்தோடும்,
நம் வீட்டுக்கு மிஞ்சிய ஒரே ஓட்டு,
உன் மகள் அஞ்சலை